பீட்டாவை எப்போது முடிப்பது? டர்பனில் கோயில் செயலி வெளியிடுவோருக்கு ஒரு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவில் ஒரு கோயிலுக்கோ தமிழ் வகுப்புக்கோ செயலி எழுதிப் பீட்டாவாக, அதாவது முழு வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பாக, சிலரிடம் கொடுத்துவிட்டு, அதை எப்போது முறையாக வெளியிடுவது என்று முடிவெடுக்க முடியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். டர்பனில் நாங்கள் செய்த செயலி பெரிய விஷயம் ஒன்றுமில்லை. பஞ்சாங்கம், விழா நாட்கள், அர்ச்சனைப் பதிவு, ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பின் வருகைப் பட்டியல், அவ்வளவுதான். ஆனால் அதை எழுதி முடிக்க ஆன காலத்தைவிட, அது தயாராகிவிட்டதா என்று வாதாடிய காலம் அதிகம். நிரல் எழுதுபவர் இன்னும் ஒரு பிழை பாக்கி என்பார். நிர்வாகக் குழுவினர் தைப்பூசத்துக்கு வந்தாக வேண்டும் என்பார்கள். இரண்டும் நியாயம்தான், ஆனால் எந்தப் பக்கமும் முடிவு சொல்ல அளவுகோல் இருக்காது. அந்த அளவுகோலை எப்படி அமைப்பது, எந்தக் காகிதத்தை எப்போது தயார் செய்வது, பணமும் நாளும் எங்கே கரையும் என்பதை வரிசையாகத் தருகிறேன். கூகுள், ஆப்பிள் செயலிக் கடைகளின் விதிகள் அவ்வப்போது மாறும். விண்ணப்பிக்கும் நாளில் அவற்றை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. பீட்டா தொடங்கும் முன்பே நிபந்தனைகளை எழுதுங்கள்

ஒரே ஒரு பக்கம் போதும். "இவையெல்லாம் நிறைவேறினால் வெளியிடுவோம், ஒன்று குறைந்தாலும் வெளியிட மாட்டோம்" என்று மேலே எழுதி, கீழே ஆறு ஏழு வரிகள். ஒவ்வொரு வரியும் ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். "செயலி நன்றாக ஓட வேண்டும்" என்பதை யாரும் எப்படியும் நிரூபிக்கலாம். "பணம் கட்டிய எந்தப் பதிவும் இரண்டு முறை பதிவாகக் கூடாது" என்பதைச் சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இதைப் பீட்டா தொடங்கும் முன்பே எழுத வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். பாதி வழியில் எழுத உட்கார்ந்தால், அப்போது இருக்கும் நிலைமைக்குத் தகுந்தபடி நிபந்தனைகள் வளைந்துவிடும். களைத்துப்போன குழு எளிய நிபந்தனைகளை எழுதும், பயந்துபோன குழு எட்டாத நிபந்தனைகளை எழுதும்.

அந்தப் பக்கத்தில் வெளியீட்டு நாளை எழுதாதீர்கள். நாள் என்பது திட்டம், நிபந்தனை வேறு. அதற்கு ஏழாம் படியில் இடம் இருக்கிறது.

2. கணக்கு, கட்டணம்

இதை முன்னதாகவே சொல்வதற்குக் காரணம், நாட்கள் இங்கேதான் சத்தமில்லாமல் போகின்றன.

செயலி வெளியிடக் கூகுள் பிளேயில் திறக்கும் கணக்குக்கு ஒரே முறை 25 டாலர். ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலர். இரண்டும் அன்றைய மாற்று விகிதப்படி ரேண்டில் கழியும், வங்கி வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணமும் எடுக்கலாம். ஆப்பிள் கட்டணத்தை அடுத்த ஆண்டு கட்டத் தவறினால் செயலி கடையிலிருந்து இறங்கிவிடும். ஆகவே சங்கத்தின் ஆண்டு வரவு செலவில் ஒரு வரியாக இப்போதே சேர்த்துவிடுங்கள்.

கணக்கைத் தனி நபர் பெயரில் திறப்பதா, சங்கத்தின் பெயரில் திறப்பதா? 2023 நவம்பர் 13-க்குப் பிறகு திறந்த தனி நபர் கணக்குகளுக்குக் கூகுள் ஒரு விதி வைத்திருக்கிறது. குறைந்தது 12 சோதனையாளர்கள் தொடர்ந்து 14 நாட்கள் மூடிய சோதனையில் (நீங்கள் அழைத்தவர்கள் மட்டும் சேரும் சோதனை) இருந்தால்தான் முழு வெளியீட்டுக்கு விண்ணப்பிக்கவே முடியும். முன்பு இந்த எண் 20 ஆக இருந்தது. "தொடர்ந்து" என்ற சொல்லைக் கவனியுங்கள். உங்கள் பட்டியலில் மின்னஞ்சலைச் சேர்த்தால் மட்டும் போதாது. அவர் இணைப்பைத் திறந்து, சேர்கிறேன் என்று அழுத்தியிருக்க வேண்டும், நடுவில் விலகவும் கூடாது. சரியாகப் பன்னிரண்டு பேரோடு தொடங்கினால், ஒருவர் செயலியைப் பிடிக்கவில்லை என்று விலகும் நாளில் கணக்கு கலைந்துவிடும். இருபது பேரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். 14 நாள் முடிந்ததும் சோதனை எப்படி நடந்தது என்று சில கேள்விகள் கேட்பார்கள். அதன் பரிசீலனைக்கு வழக்கமாக ஒரு வாரத்துக்குள் பதில் வரும்.

சங்கத்தின் பெயரில் திறக்கும் நிறுவனக் கணக்குக்கு இந்த விதி இல்லை. ஆனால் நிறுவனங்களை அடையாளம் காட்டும் டன்ஸ் எண் (D-U-N-S) என்ற ஒன்று வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை, ஆனால் கிடைக்கச் சில வாரங்கள்கூட ஆகலாம். சங்கத்தின் பதிவுச் சான்றிதழில் உள்ள பெயரும் முகவரியும் விண்ணப்பத்தில் எழுத்துப் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். காத்திருப்பு எரிச்சல் தந்தாலும் சங்கத்தின் பெயரில் திறப்பதையே பரிந்துரைக்கிறேன். தொண்டர்கள் ஜோகன்னஸ்பர்க்குக்கு வேலை மாறிப் போவார்கள், கோயில் அங்கேயேதான் இருக்கும்.

ஐபோன் சோதனைக்கு ஆப்பிளின் டெஸ்ட்ஃபிளைட் என்ற சேவை உண்டு. வெளிச் சோதனையாளர்கள் 10,000 பேர் வரை சேரலாம். ஒவ்வொரு சோதனைப் பதிப்பும் 90 நாளில் காலாவதியாகும். பீட்டாவை இழுத்துக்கொண்டே போகும் குழுக்கள் இங்கே மாட்டிக்கொள்வதுண்டு, திடீரென்று ஒரு காலையில் எல்லாருடைய செயலியும் திறக்காது.

3. சோதனையாளர்களைத் தேர்ந்தெடுப்பது

நண்பர்களை மட்டும் சேர்த்தால் நல்ல பேச்சு மட்டும் கிடைக்கும். கோயில் அலுவலகத்தில் அர்ச்சனைச் சீட்டு எழுதுபவர் ஒருவர் கட்டாயம் வேண்டும். தமிழ் வாசிக்கத் தெரிந்த மூத்தவர்கள் சிலர், தமிழ் எழுத்து வாசிக்க வராத இளையவர்கள் சிலர். நம் ஊரில் இரண்டாவது வகையினரே பெரும்பான்மை, ஆகவே ஆங்கில இடைமுகத்தை ஒப்புக்குச் செய்துவிட்டு விடாதீர்கள். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க் என்று வெவ்வேறு பகுதியில் உள்ளவர்களைச் சேருங்கள். அலைபேசிச் சமிக்ஞை எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருப்பதில்லை.

கருவிகளில் இரண்டு வகையைத் தவறவிடாதீர்கள். ஒன்று, நினைவகம் குறைந்த மலிவு ஆண்ட்ராய்டு. மற்றொன்று, 2019-க்குப் பின் வந்த ஹுவாவே. அதில் கூகுள் சேவைகள் இல்லை. உங்கள் அறிவிப்புகள் கூகுளின் வழியாகப் போகின்றன என்றால், அந்தத் தொலைபேசிகளில் எந்த அறிவிப்பும் வராது, பிழைச் செய்தியும் தோன்றாது. பூசை நேரம் மாறியது அவருக்கு மட்டும் தெரியாமல் போகும்.

பிழைகள் வாட்ஸ்அப்பில் குரல்பதிவாகத்தான் வரும். அதைத் தடுக்க முயலாமல், ஒருவர் தினமும் மாலையில் அவற்றைக் கேட்டு ஒரே பட்டியலில் எழுதட்டும்: என்ன தொலைபேசி, எந்தப் பதிப்பு எண், என்ன செய்துகொண்டிருந்தார், என்ன நடந்தது. பதிப்பு எண் இல்லாத பிழைக் குறிப்பால் பயன் இல்லை. முகப்புத் திரையின் அடியிலேயே அந்த எண் தெரியும்படி வைத்துவிடுங்கள்.

4. எதைச் சோதிப்பது

பொதுவான சோதனைகளை எந்தக் கையேட்டிலும் படிக்கலாம். டர்பனுக்கும் தமிழுக்கும் உரியவற்றை மட்டும் சொல்கிறேன். பொதுப் பட்டியல்களில் இவை இருக்காது.

முதலில் பஞ்சாங்கம். இந்தியாவைவிட நாம் மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறோம். சென்னையில் செவ்வாய் அதிகாலை 2:00 மணிக்கு முடியும் நட்சத்திரம், இங்கே திங்கள் இரவு 10:30-க்கே முடிந்துவிடுகிறது. சென்னைப் பஞ்சாங்கத்தை அப்படியே எடுத்துப் போட்ட செயலியில் விரத நாளே மாறிப்போகும். சூரிய உதயமும் அப்படியே. டிசம்பரில் இங்கே ஐந்து மணிக்கு முன்பே விடிந்து, பகல் ஏறத்தாழ 14 மணி நேரம் நீள்கிறது. ஜூனில் ஏழு மணியை ஒட்டி விடிந்து, பத்து மணி நேரத்தைச் சற்றே தாண்டுகிறது. ராகு காலம் பகலை எட்டாகப் பிரித்து வருவது. திங்கட்கிழமை 7:30 முதல் 9:00 வரை என்ற மனப்பாடக் கணக்கு, ஆறு மணிக்கு விடிந்து ஆறு மணிக்கு அடையும் பகலுக்குத்தான் பொருந்தும். டிசம்பர் டர்பனில் அது சுமார் 6:35-க்கே தொடங்கிவிடும். ஆகவே ஒரு டிசம்பர் நாள், ஒரு ஜூன் நாள், இந்தியாவிலும் இங்கும் தேதி வேறுபடும் ஒரு நாள், மூன்றையும் அர்ச்சகரிடம் கொடுத்துக் கையால் சரிபார்க்கச் சொல்லுங்கள். கணிப்பு எதுவாக இருந்தாலும், கோயில் அறிவித்த நாளே திரையில் தெரிய வேண்டும். நிர்வாகி கையால் மாற்றும் வசதி இல்லாமல் பஞ்சாங்கச் செயலியை வெளியிடவே கூடாது என்பது என் கருத்து.

அடுத்தது எழுத்து. "கொ" என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது, தேடலில் தெரியும். ஒரு விசைப்பலகையில் அடித்துப் பதிவான "கொழுக்கட்டை" மற்றொரு விசைப்பலகையில் தேடினால் கிடைக்காது. சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் உரையை என்.எஃப்.சி. என்ற சீர் வடிவத்துக்கு மாற்றினால் தீரும். பெயர்களை மட்டும் தானாக எழுத்துப்பெயர்க்க விடாதீர்கள். இங்குள்ள குடும்பப் பெயர்கள் நூற்றாண்டுக்கு மேலாகத் தங்களுக்கென்று ஓர் ஆங்கில எழுத்துக்கூட்டல் கொண்டவை. அர்ச்சனையில் ஒருவரின் பெயர் தவறாக ஒலித்தால் அவர் மறுபடி செயலியைத் திறக்க மாட்டார்.

மூன்றாவது, மின்தடை. லோட் ஷெட்டிங் எனும் முறைவைத்த மின்வெட்டின் அட்டவணை இல்லாத மாதங்களிலும் இதைச் சோதியுங்கள். மின்சாரம் போய்ச் சற்று நேரத்தில் அலைபேசிக் கோபுரத்தின் மின்கலமும் தீர்ந்தால், இணையம் முழுவதும் அறுந்துபோகாது, பாதி உயிரோடு தொங்கும். அர்ச்சனைக்குப் பணம் கட்டும் நொடியில் விமானப் பயன்முறையைப் போடுங்கள். ஒரு நிமிடம் கழித்து எடுங்கள். பயனர் மறுபடி அழுத்துவார். இரண்டு பதிவு, இரண்டு கட்டணம் வந்தால் நீங்கள் இன்னும் தயாராகவில்லை. ஒவ்வொரு பதிவுக்கும் தொலைபேசியிலேயே ஒரு தனி அடையாள எண் உருவாக்கி, அதே எண் மறுபடி வந்தால் சேவையகம் புறக்கணிக்கும்படி செய்வதுதான் நம்பகமான வழி.

கடைசியாக எஸ்.எம்.எஸ். செலவு. ஆங்கிலத்தில் ஒரு எஸ்.எம்.எஸ்-க்கு 160 எழுத்து. ஒரே ஒரு தமிழ் எழுத்து கலந்தாலும் அது 70 ஆகச் சுருங்கும், நீண்டு பிரிந்தால் துண்டுக்கு 67. அதிலும் உயிர்க்குறிகளும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். "தங்கள் அர்ச்சனை பதிவு செய்யப்பட்டது" என்பதோடு நாளும் நேரமும் சேர்த்தாலே இரண்டு எஸ்.எம்.எஸ். ஆகலாம். விழா மாதத்துக்கான மொத்தச் செலவைப் பீட்டா நாட்களிலேயே பெருக்கிப் பாருங்கள்.

5. பிழைகளை மூன்றாகப் பிரியுங்கள்

முதல் வகை, ஒன்று இருந்தாலும் வெளியீடு நிற்க வேண்டியவை: பணம், தவறான நாள், தகவல் கசிவு, பதிவு காணாமல் போவது. இரண்டாம் வகை, மாற்று வழி இருப்பவை. மூன்றாம் வகை, தோற்றக் குறைகள். முதல் வகையில் எதுவும் மிஞ்சக் கூடாது. இரண்டாம் வகையில் எத்தனை வரை பொறுக்கலாம் என்று முன்பே எண் வைத்துவிடுங்கள். மூன்றாம் வகையை வெளியீட்டுக்குப் பிறகு பார்க்கலாம், ஆனால் "தெரிந்த குறைகள்" என்று ஒரு பட்டியலாகச் செயலிக்குள்ளேயே போடுங்கள். மக்கள் அதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை.

பிழைகளின் எண்ணிக்கையைவிட, புதியவை வரும் வேகத்தைக் கவனியுங்கள். பதினைந்து பழைய பிழைகள் இருந்தும் இரண்டு வாரமாகப் புதிதாக எதுவும் வரவில்லை என்றால் நிலைமை நல்லது. மூன்றே பிழைகள் இருந்தும் தினமும் புதிய ஒன்று முளைத்தால் காத்திருங்கள். ஆனால் புதிதாக எதுவும் வராததற்குக் காரணம் யாரும் செயலியைத் திறக்காததாகவும் இருக்கலாம். கடந்த வாரம் எத்தனை பேர் உண்மையில் பயன்படுத்தினார்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

எண்களில் ஓர் எச்சரிக்கை. பயனர் உணரும் செயலிழப்பு விகிதம் 1.09 சதவீதத்தையும், செயலி உறைந்து நிற்கும் விகிதம் 0.47 சதவீதத்தையும் தாண்டினால் கூகுள் அதை மோசமான நடத்தையாகக் கணக்கிட்டுக் கடையில் உங்கள் செயலியைப் பின்னுக்குத் தள்ளக்கூடும். இந்த எல்லைகளை நிபந்தனையாக வைக்கலாம்தான், ஆனால் முப்பது பேர் கொண்ட பீட்டாவில் சதவீதம் எதையும் சொல்லாது. நூறு பதிவுகள் ஒரு தவறும் இல்லாமல் நடந்தன என்றால், உண்மையான தவறு விகிதம் 3 சதவீதம் வரைகூட இருக்கலாம் என்பதே புள்ளியியல் தரும் உறுதி. முந்நூறு நடந்தால் 1 சதவீதம். மூன்றை முயற்சிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வரும் கணக்கு இது. பணம் தொடர்பான பாதையை மட்டுமாவது முந்நூறு முறை ஓட்டிப் பாருங்கள்.

6. சட்டம் கேட்கும் காகிதங்கள்

போப்பியா எனப்படும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. பீட்டாதானே என்று இதைத் தள்ளிப்போடுபவர்கள் உண்டு. சோதனையாளரின் பெயரும் நட்சத்திரமும் உண்மையானவை என்றால் சட்டம் அன்றே பொருந்தும்.

கோயில் செயலிக்கு இது சற்றுக் கடினம். மத நம்பிக்கை என்பது இந்தச் சட்டத்தின் 26-ஆம் பிரிவில் சிறப்புத் தனிநபர் தகவல். தமிழ் வகுப்புப் பட்டியலில் இருப்பவர்கள் குழந்தைகள், அதற்கும் தனிப் பாதுகாப்பு உண்டு, பெற்றோர் அல்லது பாதுகாவலரின் ஒப்புதல் வேண்டும். ஆகவே:

- சங்கத்தின் தலைவரே இயல்பாகத் தகவல் அலுவலர் ஆகிறார். அவரைத் தகவல் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். கட்டணம் இல்லை.
- ஒப்புதல் வாசகத்தை எளிய ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதுங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள், எங்கே சேமிக்கிறீர்கள், எப்போது அழிப்பீர்கள்.
- சேவையகம் நாட்டுக்கு வெளியே இருந்தால் அதையும் சொல்லுங்கள். 72-ஆம் பிரிவு அதைப் பற்றியது.
- தகவல் கசிந்தால் யார் யாருக்கு அறிவிப்பார் என்று அரைப் பக்கம். ஆணையத்துக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் தாமதமின்றி அறிவிக்க வேண்டும்.

நிர்வாக அபராதம் 1 கோடி ரேண்ட் வரை போகலாம். சிறிய சங்கத்துக்கு அவ்வளவு விதிப்பார்களா என்று வாதாடுவதைவிட ஒரு சனிக்கிழமையில் இந்த வேலையை முடித்துவிடலாம்.

கடைகளும் காகிதம் கேட்கும்: தனியுரிமைக் கொள்கையின் இணைய முகவரி, என்னென்ன தகவல் திரட்டுகிறீர்கள் என்ற படிவம், வயதுத் தரப்படுத்தல், பயனர் தன் கணக்கைச் செயலிக்குள்ளிருந்தே அழிக்கும் வழி. பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. உங்கள் செயலி தென்னாப்பிரிக்க எண்ணுக்கு ஒருமுறைக் கடவுச்சொல் அனுப்பித்தான் உள்ளே விடுகிறது என்றால், எங்கோ இருக்கும் கடையின் பரிசீலகரால் நுழையவே முடியாது, செயலி திரும்பி வரும். கடவுச்சொல் தேவைப்படாத ஒரு மாதிரிக் கணக்கைக் குறிப்புப் பகுதியில் கொடுத்துவிடுங்கள்.

7. நாளைப் பின்னோக்கி எண்ணுங்கள்

தைப்பூசக் காவடி, சித்திரா பருவக் காவடி, இசிபிங்கோவில் பெரிய வெள்ளி நாள் மாரியம்மன் திருவிழா, ஆடிக் கஞ்சி, புரட்டாசி. நம் ஆண்டு முழுவதும் விழாக்கள் நிறைந்திருப்பதால், குழு எப்போதும் ஏதோ ஒரு விழாவைக் காட்டி நெருக்கும். விழா வாரத்தில் மட்டும் வெளியிடாதீர்கள். அன்றுதான் கூட்டம் அதிகம், அன்றுதான் பிழையைத் திருத்த யாருக்கும் கை ஓயாது.

தைப்பூசம் ஜனவரியிலோ பிப்ரவரியிலோ வரும். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை நாடே விடுமுறையில் இருக்கும், வங்கியிலும் சேவை நிறுவனங்களிலும் பதில் சொல்ல ஆள் அரிது. ஆகவே தைப்பூசத்துக்குச் செயலி வேண்டுமென்றால் நவம்பர் இறுதிக்குள் முழு வெளியீடு முடிந்திருக்க வேண்டும். அங்கிருந்து பின்னோக்கி: பரிசீலனைகளுக்கு இரண்டு வாரம், இறுதிச் சோதனைப் பதிப்புக்கு இரண்டு வாரம், மூடிய சோதனைக்கு ஆறு வாரம், கணக்குத் திறக்க ஒரு மாதம். ஜூலையில் தொடங்கினால் மூச்சுவிட நேரம் இருக்கும். நவம்பரைத் தவறவிட்டால், காவடியைப் பீட்டாவாகவே கடந்து, அலுவலகச் சீட்டுப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பிறகு வெளியிடுங்கள். உண்மையான கூட்டத்தில் கிடைக்கும் சோதனை வேறெங்கும் கிடைக்காது.

8. முடிவெடுக்கும் கூட்டம்

இறுதிச் சோதனைப் பதிப்பு வந்ததும் புதிய வசதி எதுவும் சேர்க்கக் கூடாது. முதல் வகைப் பிழையைத் திருத்தினால், சிறிய திருத்தமாக இருந்தாலும், இரண்டு வாரக் கணக்கை மறுபடி தொடங்குங்கள். இதில் எல்லாரும் முணுமுணுப்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள்.

கூட்டத்தில் மூவர் போதும்: நிரல் எழுதியவர், நிர்வாகக் குழுவில் ஒருவர், அலுவலகத்தில் சீட்டு எழுதுபவர். மூன்றாமவர் "வேண்டாம்" என்றால் வேண்டாம். தவறு நடந்தால் வரிசையில் நிற்கும் பக்தரின் முகத்தைப் பார்க்கப் போகிறவர் அவர்தான். முதல் படியில் எழுதிய பக்கத்தை எடுத்து வரி வரியாக வாசியுங்கள். பதிப்பு எண், தேதி, மிஞ்சியிருக்கும் பிழைகள், மூவரின் கையொப்பம். ஒரு வரி தவறினாலும் அடுத்த கூட்டம் ஒரு வாரம் கழித்துத்தான்.

வெளியிடும்போது கவனிக்க வேண்டியவை:

சோதித்த அதே கோப்பை வெளியிடுங்கள். நிரலிலிருந்து மறுபடி உருவாக்கினால் அது சோதிக்கப்படாத கோப்பு. கூகுள் பிளேயில் மூடிய சோதனைப் பதிப்பை அப்படியே முழு வெளியீட்டுக்கு உயர்த்தலாம்.

கட்டணச் சேவையோடு செயலியை இணைக்கும் சோதனைச் சாவிகளை (உண்மைப் பணம் நகராத ரகசியக் குறியீடுகள்) பீட்டாவின் கடைசி நாட்களிலேயே உண்மைச் சாவிகளாக மாற்றி, ஐந்து ரேண்ட் கட்டி, திருப்பியும் பெற்றுப் பாருங்கள்.

மிகப் பழைய பீட்டாவிலிருந்து நேராகப் புதியதற்கு மேம்படுத்திப் பாருங்கள், பதிவுகள் தங்க வேண்டும். காப்புப் பிரதியிலிருந்து ஒருமுறை மீட்டும் பாருங்கள். எடுத்து வைத்தது மீளுமா என்பது மீட்டால்தான் தெரியும்.

முதல் வெளியீட்டைச் சதவீதம் சதவீதமாக விட முடியாது, அந்த வசதி மேம்படுத்தல்களுக்கு மட்டுமே. அதனால் முதலில் தென்னாப்பிரிக்காவை மட்டும் தேர்ந்தெடுங்கள். மொரீஷியஸிலும் லண்டனிலும் இருக்கும் உறவினர்கள் ஒரு மாதம் பொறுக்கட்டும்.

9. முதல் இரண்டு வாரம்

கூகுள் பிளேயில் பழைய பதிப்புக்குத் திரும்பிப் போக முடியாது. திருத்தினாலும் பின்வாங்கினாலும் இன்னும் உயர்ந்த எண்ணுள்ள புதிய பதிப்பாகத்தான் அனுப்ப வேண்டும், அதற்கும் பரிசீலனை உண்டு. ஆகவே அர்ச்சனைப் பதிவு, கட்டணம், அறிவிப்பு ஆகிய ஒவ்வொன்றையும் சேவையகத்திலிருந்தே நிறுத்திவைக்கும் வசதியை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தினால் "அலுவலகத்தில் பதிவு செய்யவும்" என்ற வரியும் அலுவலக எண்ணும் தோன்ற வேண்டும்.

சோதனையாளர்களுக்கு மட்டும் பதிப்புகள் போகும் சோதனைத் தடத்தை மூடிவிடாதீர்கள். அடுத்தடுத்த மேம்படுத்தல்கள் முதலில் அங்கேயே போகட்டும், பிறகு ஆப்பிளில் ஏழு நாளில் 1 சதவீதத்திலிருந்து 100 வரை விரியும் படிப்படியான வெளியீட்டையும், கூகுளில் நீங்களே வைக்கும் சதவீதத்தையும் பயன்படுத்துங்கள். வெள்ளிக்கிழமையும், விழாவுக்கு முந்தைய பத்து நாட்களும் எதையும் அனுப்பாதீர்கள்.

தொலைபேசி எடுப்பவரின் பெயரை முறை வைத்து எழுதி, கோயில் அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். காலை பூசைக்கு முன்பும் மாலை பூசைக்குப் பிறகும்தான் அழைப்புகள் குவியும். அந்த நேரங்களில் இருவர் இருக்கட்டும்.